மாத்திரைதான் சாப்பிடுறாளே, அப்புறம் ஏன் இப்படி?



இந்த மாதப் பாடம் மனச்சிதைவு நோய் பற்றியது. "எங்க குழுவுல அப்படி யாரும் இல்லியே" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2015-16ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்கள் 1000 பேரில் சுமார் 4 பேர் இந்த நோயோடோ இதைச் சேர்ந்த நோய்களோடோ இருந்தார்கள். வாழ்நாளில் எப்போதாவது வந்துபோனதையும் சேர்த்தால் 1000 பேரில் சுமார் 14 பேர். 3000 பெரியவர்கள் உள்ள ஒரு பஞ்சாயத்துக்கு எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வைத்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

நோயைப் பற்றி முழுவதும் இங்கே எழுதவில்லை. குழுக் கூட்டங்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறோம். "மாத்திரைதான் தவறாம சாப்பிடுறாளே மேடம், அப்புறமும் ஏன் மனுஷாள்கிட்ட சரியாப் பழகத் தெரியல?"

ஒரு குழுவில் நடந்தது

எங்கள் பகுதியில் 15 பேர் உள்ள ஒரு குழு. அந்த உறுப்பினரிடமும் அவர் அம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறோம். "ஊர் பேர் போடாதீங்க. மத்ததை எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார் அம்மா. ஆகையால் அவரைத் தங்கச்சி என்றே சொல்வோம்.

தங்கச்சிக்கு நோய் வந்தபோது தூக்கம் போயிற்று. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குடிதண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று சரியாகச் சாப்பிடவில்லை. கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்துப் பார்த்தார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் போனார்கள். ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் குரல் அடங்கியது. தூங்கினார், சாப்பிட்டார், மறுபடி குழுவுக்கும் வந்தார். சேமிப்பு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. உள்கடன் தவணையும் தவறவில்லை.

பிரச்சினை வேறு பக்கமாக வந்தது.

பிரதிநிதி அக்காவின் மாமியார் இறந்துபோனார். எல்லோரும் துக்கம் கேட்கப் போனார்கள். அழுதுகொண்டிருந்த அந்த அக்காவிடம் தங்கச்சி போய், "அக்கா, என் பாஸ்புக்குல கையெழுத்து போடலியே" என்று கேட்டுவிட்டார்.

இன்னொரு முறை கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார். "வாம்மா மகராசி! நீ இல்லாம கூட்டமே நடக்காது. நாளைக்கு விடியறதுக்குள்ளயே வந்து உட்கார்ந்துக்கோ" என்று ஒருவர் குத்தலாகச் சொன்னார். மறுநாள் காலை 5 மணிக்கு ஊக்குநர் வீட்டு வாசலில் தங்கச்சி பாஸ்புக்கோடு உட்கார்ந்திருந்தார். வாசல் தெளிக்க வந்த ஊக்குநர் இருட்டில் அவரைப் பார்த்துப் பயந்தே போனார்.

கடைசியாக நடந்தது கூட்டத்தில். மூலையில் இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தங்கச்சி எழுந்து, "என்னைப் பத்தித்தானே சிரிக்கிறீங்க" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார். அவர்கள் பேசியது ஆட்டுக்குட்டி ஒன்று வீட்டுக்குள் புகுந்து செய்த வேலையைப் பற்றி.

"திமிரு பிடிச்சவ" என்றார்கள் சிலர். "மாத்திரை சாப்பிட்டும் புத்தி திரும்பலியே" என்றார்கள் சிலர். சேமிப்பைக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு அவரைக் குழுவிலிருந்து நீக்கலாம் என்று பேச்சு எழுந்தது. தீர்மான நோட்டில் எழுதுவதுதான் பாக்கி. அதே மாதம் வீட்டில் அம்மா இன்னொரு முடிவு எடுத்திருந்தார். "குரல் நின்னுடுச்சு. ஆனா மரக்கட்டை மாதிரி இருக்காளே, இந்த மாத்திரைதான் இப்படி ஆக்கிடுச்சோ" என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

இரண்டு முடிவுக்கும் அடியில் இருந்தது ஒரே எண்ணம். மாத்திரை சாப்பிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும், ஆகவில்லை என்றால் ஒன்று ஆள் சரியில்லை, இல்லாவிட்டால் மாத்திரை சரியில்லை. இந்த எண்ணத்தை விதைத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்த ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டபோது, "மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தவர்கள் நாங்கள்தான். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது எழுதுகிறோம்.

மாத்திரை என்ன செய்கிறது?

இந்த நோய்க்கு முதல் மருந்து 1952ல் பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகரத்து மருத்துவமனையில் கொடுக்கப்பட்டது. குளோர்ப்ரோமசின் என்று பெயர். அதற்கு முன்பு இப்படி உதவுகிற மருந்து இல்லை, பலரைப் பூட்டித்தான் வைத்தார்கள். பிறகு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குளோசபின் என்று பல வந்துவிட்டன. தினமும் மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கு இரண்டு வாரம் அல்லது ஒரு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் இருக்கிறது.

நம் மூளையில் டோபமின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. "இது முக்கியம், இதைக் கவனி" என்று மணி அடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. மனச்சிதைவு வந்தவருக்கு இந்த மணி தேவையில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டில் கதவு சாத்தினால்கூட அதில் தனக்கு ஏதோ சேதி இருப்பதாகத் தோன்றும். சந்தேகம் அப்படித்தான் வளர்கிறது. மாத்திரை இந்த மணிச் சத்தத்தைக் குறைக்கிறது. அதனால் குரல், சந்தேகம், தூக்கமின்மை, ஆத்திரம் இவையெல்லாம் தணிகின்றன. சிலருக்குச் சில நாளில் தெரியும், பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

இது சின்ன உதவி இல்லை. 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012ல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. ஓராண்டு வாக்கில் பார்த்தபோது, மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 100க்கு 27 பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தி வெறும் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 100க்கு 64 பேருக்குத் திரும்பியது. தங்கச்சியின் அம்மாவிடம் நாங்கள் முதலில் சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

மாத்திரை எதைச் செய்வதில்லை?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன கதை. ஒரு பெண் ரேஷன் கார்டை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் மகன் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கிறான். திரும்பி வந்தவள் கார்டை முதலில் எங்கே தேடுவாள்?

"டிரங்குப் பெட்டியிலதான்" என்று உடனே சொல்லியிருப்பீர்கள். கார்டு அலமாரியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். இன்னொருவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிற வேலையை உங்கள் மூளை கண் சிமிட்டுவதற்குள் செய்துவிட்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் செய்கிறோம். அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கோபமா, கவலையா என்று தெரிந்துகொள்கிறோம். "அரிசிப் பானை காலியா இருக்கே" என்று மாமியார் சொன்னால் கடைக்குப் போகச் சொல்கிறார் என்று புரிகிறது. சொல் ஒன்று, கருத்து வேறு என்பது குரலிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கே எதைப் பேசக்கூடாது என்பதும் இதில் சேர்ந்ததுதான். மருத்துவர்கள் இதற்குச் சமூக அறிதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பழைய பெயரே உண்டு, குறிப்பறிதல். திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71வதும் 110வதும்.

மனச்சிதைவு வந்தவர்களில் மிகப் பலருக்கு இந்தக் குறிப்பறிதல் பழுதுபடுகிறது. குரல் கேட்பதைப் போல இது பயமுறுத்துவதில்லை, அதனால் நோயின் ஒரு பகுதி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சிலருக்குக் குரல் கேட்பதற்குச் சில வருடம் முன்பே இது இலேசாக ஆரம்பித்துவிடுகிறது, மாத்திரை என்பதையே பார்க்காத காலத்தில். ஆகவே "மாத்திரைதான் இப்படி ஆக்கிவிட்டது" என்பது பெரும்பாலும் சரியில்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறோம். அந்த அம்மா சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

குரலையும் சந்தேகத்தையும் கிளப்புவது டோபமினின் கூச்சல். மாத்திரை பிடிப்பது அதைத்தான். முகம் பார்த்து மனதை அறிவது மூளையின் வேறு பல பகுதிகள் சேர்ந்து செய்கிற வேலை, அங்கே மாத்திரைக்கு அவ்வளவாகக் கை எட்டுவதில்லை. சந்தேகம் குறைவதால் கொஞ்சம் தெளிவு வரும். ஆனால் தானாக முழுவதும் திரும்பி வராது. அமெரிக்காவில் சுமார் 1500 நோயாளிகளை வைத்துப் பல மாத்திரைகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2005ல் வெளியானது. அதில் பலரிடம் முகப் படங்களைக் காட்டி, இது என்ன உணர்ச்சி என்றும் கேட்டிருந்தார்கள். பழைய மாத்திரையோ புதிய மாத்திரையோ, எதுவும் அந்தத் திறமையைச் சொல்லும்படியாக உயர்த்தவில்லை. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் நம் நாட்டு மக்களுக்குப் புரிகிற கதைகளை வைத்து 2011ல் ஒரு சோதனை முறை உருவாக்கினார்கள். நோய் நன்றாகத் தணிந்திருந்தவர்களிடம் வைத்துப் பார்த்தபோதும் பலருக்கு இந்தக் குறை இருந்தது தெரிந்தது.

இப்போது தங்கச்சி செய்ததை மறுபடி பாருங்கள். துக்க வீட்டில் பாஸ்புக் கேட்டது திமிர் இல்லை. அந்த இடத்தில் அந்த அக்காவின் மனதில் என்ன ஓடுகிறது என்று அவருக்கு எட்டவில்லை. அவர் மனதில் கையெழுத்துதான் ஓடியது. விடியற்காலையில் வந்து உட்கார்ந்தது பைத்தியக்காரத்தனமும் இல்லை. வரச் சொன்னார்கள், வந்தார். குத்தலைக் குத்தல் என்று அறிய குரலையும் முகத்தையும் படிக்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் பாதி குத்தலும் கேலியும்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவர் முகத்தை நாமும் தப்பாகப் படிக்கிறோம்

இது எங்களுக்கே புதிதாகத் தெரிந்த விஷயம். சில மாத்திரைகள், முக்கியமாக அளவு கூடும்போது, முகத் தசைகளை இறுக்கிவிடும். நடை மெதுவாகும், கை வீசாது, கண் சிமிட்டுவது குறையும். முகம் சிலை மாதிரி இருக்கும். உள்ளே வருத்தமும் சந்தோஷமும் இருக்கும், முகத்தில் காட்ட முடியாது. அந்த முகத்தைப் பார்த்து நாம் "அக்கறையே இல்ல பாரு", "முறைச்சுப் பார்க்குறா" என்கிறோம். குறிப்பறியத் தெரியாதவர் அவர் மட்டும் இல்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

இன்னொரு பக்க விளைவு, ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு. கால் துருதுருக்கும், எழுந்து நடந்தால்தான் கொஞ்சம் நிம்மதி. கூட்டத்தின் நடுவில் எழுந்து போகிறவரை மரியாதை தெரியாதவர் என்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம். அதற்கு அவரிடம் சொல்ல வேண்டும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்கி வந்துவிடுகிறோம். மருத்துவருக்குக் கூட்டம் அதிகம், அவர் துருவிக் கேட்கமாட்டார். ஆகவே வீட்டிலேயே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். முகம் இறுகியிருக்கிறதா, கை நடுங்குகிறதா, எச்சில் வடிகிறதா, பகலிலும் தூங்கி வழிகிறாரா, எடை ஏறுகிறதா, இவ்வளவு போதும். இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில் என்று ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அது வாயை வறட்டும், சிலருக்கு ஞாபகத்தை மந்தமாக்கும். எப்போதோ ஆரம்பித்ததை வருடக்கணக்காகச் சாப்பிட்டு வருகிறார் என்றால், "இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

பெண்களுக்கு முக்கியமாக ஒன்று. ரிஸ்பெரிடோன் போன்ற சில மாத்திரைகளால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். சிலருக்கு மார்பில் பால் கசியும். இதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இது சரிசெய்யக்கூடியது, மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு வரவில்லை என்பதால் கர்ப்பம் தங்காது என்றும் நினைக்க வேண்டாம். கர்ப்பம் என்று தெரிந்தாலும் தானாக மாத்திரையை நிறுத்தக்கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓலான்சபின், குளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு எடையும் சர்க்கரையும் ஏறும் வாய்ப்பு அதிகம், அவ்வப்போது சோதனை செய்ய வேண்டும். குளோசபினுக்கு இரத்த அணுப் பரிசோதனையும் கட்டாயம். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டை போல விறைத்தால் அது அவசரம், உடனே மருத்துவமனை.

தங்கச்சிக்கு மருத்துவர் அளவைக் கொஞ்சம் குறைத்தார். அம்மா குறைத்ததற்கும் அவர் குறைத்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து, மாதாமாதம் வரவழைத்துப் பார்த்தார். முகம் சற்று இளகியது. குறிப்பறிதல் அப்படியேதான் இருந்தது.

மாத்திரை எட்டாத இடத்தில் நாம் என்ன செய்யலாம்?

குறிப்பறிதலுக்கு என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால் பழக்கினால் வருகிறது. முகங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லப் பழக்கும் பயிற்சியில் நல்ல முன்னேற்றம் வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் அனுபவமும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்திலும் கோவாவிலும் மகாராஷ்டிராவின் சாத்தாராவிலும் 282 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2014ல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி, மாத்திரையைத் தொடர வைத்து, வெளியில் பழக உதவினார்கள். மருத்துவரை மட்டும் பார்த்தவர்களைவிட இவர்கள் அன்றாடக் காரியங்களில் ஓரளவு தேறினார்கள். தமிழ்நாட்டுப் பகுதியில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அங்கே அந்த வேலையைச் செய்தது, மருத்துவர் சாரதா மேனன் 1984ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம். அந்த ஊழியர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தங்கச்சியின் குழுவில் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறோம்.

முதலில் பேச்சை மாற்றினோம். சாடை, குத்தல், ஜாடைமாடை எதுவும் அவரிடம் வேண்டாம். "ரொம்ப சீக்கிரம் வந்துட்டியே" என்று சொல்லாமல், "கூட்டம் 3 மணிக்கு. 3 மணிக்கு வா" என்று நேராகச் சொல்வது. கோபம் இருந்தால், "நீ அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்று வாயால் சொல்லிவிடுவது. பிரதிநிதி அக்கா அப்படிச் சொன்னபோது தங்கச்சி, "எனக்குத் தெரியல அக்கா. அழுதது தெரிஞ்சுது, கேட்கக் கூடாதுன்னு தெரியல" என்றார். ஒரு வருடக் கோபம் அந்த ஒரு பேச்சில் கரைந்தது.

அடுத்தது, யாராவது சிரித்தால் என்ன செய்வது என்ற பிரச்சினை. குறைந்த சாட்சியை வைத்துச் சட்டென்று முடிவுக்கு வந்துவிடுவது இந்த நோயில் அதிகம். அதற்கு "மூணு காரணம்" என்று ஒரு பழக்கம் வைத்தோம். சந்தேகம் வந்தால் எழுந்து கத்துவதற்கு முன்பு வேறு மூன்று காரணம் யோசிக்க வேண்டும். ஆட்டுக்குட்டி கதையாக இருக்கலாம், பழைய சினிமா ஜோக்காக இருக்கலாம், யாரோ வழுக்கி விழுந்ததாக இருக்கலாம். அப்படியும் மனம் ஆறவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் காதோடு கேட்கலாம். அதற்கென்று குழுவில் ஒரு அக்காவைத் தங்கச்சியே தேர்ந்தெடுத்தார்.

வீட்டில் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தோம். டிவியில் சீரியல் ஓடும்போது ஐந்து நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு, "இவ முகத்துல என்ன தெரியுது? கோபமா, பயமா, அழுகையா?" என்று கேட்பது. பிறகு சத்தத்தை வைத்துச் சரியா என்று பார்ப்பது. சீரியலில் எல்லா முகமும் மிகையாகத்தான் இருக்கும், ஆரம்பப் பாடத்துக்கு அதுவே வசதி. சீரியலுக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒரு எச்சரிக்கை. டிவி தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்ற எண்ணம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு முதலில் மருத்துவர்.

அம்மாவிடம் ஒன்றை விடச் சொன்னோம், நாள் முழுக்கக் குறை சொல்வதை. திட்டும் வெறுப்புப் பேச்சும் அதிகமுள்ள வீடுகளில் நோய் அதிகம் திரும்புகிறது என்று 1970களிலேயே லண்டனில் நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. சொல்வது எளிது. தனியாக ஒரு நோயாளியை வைத்துப் பார்க்கிற அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும். அந்தக் குழுவில் இரண்டு பேர் முறை வைத்து, மாதத்தில் ஒரு நாள் அம்மாவுக்குப் பதிலாகத் தங்கச்சியோடு மருத்துவமனைக்குப் போகிறார்கள். உடம்பு ஓய்வைவிட, "எனக்கும் ஆள் இருக்கு" என்ற எண்ணம்தான் பெரிய மருந்து என்றார் அம்மா.

வேலை விஷயத்தில் ஒரு தவறு செய்தோம். நாலு பேரோடு பழகட்டும் என்று சந்தையில் குழுவின் ஊறுகாய் விற்கும் கடையில் உட்கார வைத்தோம். பேரம் பேசுகிறவர்களின் முகத்தை நொடிக்கு நொடி படிக்க வேண்டிய இடம் அது. இரண்டே நாளில் அழுதுவிட்டார். இப்போது ஊறுகாய் பாட்டிலுக்கு எடை போட்டு, மூடி, லேபிள் ஒட்டுகிறார். எடை ஒரு கிராம் தவறுவதில்லை. கூட்டத்தில் வருகைப் பதிவேட்டைப் படித்துப் பேர் கூப்பிடுவதும் அவர்தான்.

நீக்கும் தீர்மானம் எழுதப்படவில்லை. இப்போதும் சில நாள் தப்பாகத்தான் பேசிவிடுகிறார். போன மாதக் கூட்டத்தில் பழக்கதோஷத்தில் ஒருவர், "நம்ம கலெக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க" என்றார். தங்கச்சி நின்று, "அக்கா, இது கேலியா, நெசமா?" என்று கேட்டார். "கேலிதான்டி" என்றதும் உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தார்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

சாடை புரியாதது ஒன்று, நோய் திரும்புவது வேறு. இரண்டு மூன்று இரவு தூக்கம் இல்லை, தனியாகப் பேசுகிறார், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்கிறார், திடீரென்று ஒதுங்கிக்கொள்கிறார் என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று பேசினால் தனியே விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம். உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2016 சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறனில் சேரும், சான்றிதழ் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கட்டிப்போடுவதும் சங்கிலி போடுவதும் 2017 மனநலச் சட்டப்படி குற்றம். எந்தக் கோயிலுக்கும் தர்காவுக்கும் போய் வரட்டும், மாத்திரையைக் கையோடு கொண்டு போகட்டும்.

குழுவில் பேச

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இதைப் படித்துக் காட்டிவிட்டு, ரேஷன் கார்டு கதையைக் கேளுங்கள். பிறகு ஒவ்வொருவரும் இந்த வாரம் தான் ஜாடையாகச் சொன்ன ஒரு பேச்சை நினைவுபடுத்தி, அதையே நேர்ப்பேச்சாகச் சொல்லிப் பார்க்கட்டும். எங்களுக்கே இது வரவில்லை, சிரிப்புதான் வந்தது. உங்கள் குழுவிலோ உறுப்பினர் வீட்டிலோ இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு மட்டும், பக்க விளைவுச் சீட்டு எழுத உதவுங்கள். பேர் எழுதாமல் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மருத்துவமனைக்குச் சேர்ந்து போக ஒரே வண்டி ஏற்பாடு செய்ய முடியுமா என்று அங்கே பேசுவோம்.